கொல்ற ஜீன் கிடைச்சிருச்சு, பிடிச்சு வச்சிருக்கிற ஜீன் எங்க?

நெல்லுல பூஞ்சையால வர்ற குலை நோய் பத்தின ஆராய்ச்சிக் கட்டுரை எதைத் தொறந்தாலும் ஒரு பேர் கண்ணுல படும், கோ 39. நம்ம கோயம்புத்தூர் நெல்லேதான். ரொம்ப பெருமைப்பட்டுக்க வேண்டாம், அது அங்க வர்றது நோய் தாங்காத ரகம்ங்கற பேர்ல. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல குலை நோய் எதிர்ப்பு ஜீன் ஒவ்வொண்ணும் தனியா என்ன வேலை பண்ணுதுன்னு பாக்கணும்னு நினைச்சாங்க, அதுக்கு சொந்தமா எதிர்ப்பே இல்லாத ஒரு ரகம் வேணும், இல்லன்னா எது யார் வேலைன்னு தெரியாது இல்லையா, அதனால கோ 39ஐ எடுத்து அதுக்குள்ள ஒவ்வொரு ஜீனா பேக்கிராஸ் பண்ணி (திரும்பத் திரும்ப கோ 39 கூடவே கிராஸ் பண்ணி) ஏத்தினாங்க. 1992-ல வெளிவந்த அந்த வரிசைகளை இன்னிக்கும் உலகம் பூரா நட்டு டெஸ்ட் பண்றாங்க. வயல் ஓரத்துல கோ 39 கருகி நின்னாதான் அந்த சீசன் டெஸ்ட்டே செல்லும்.

அப்படி எதுவுமே இல்லைன்னு நினைச்ச கோ 39-க்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சு இருந்துச்சு. நெல்லைத் தாக்குற பூஞ்சை கிட்ட தோத்துப்போற அதே செடி, எராக்ராஸ்டிஸ்னு ஒரு புல்லைத் தாக்குற பூஞ்சையோட (எத்தியோப்பியாவுல டெஃப்னு ஒரு தானியம் சாப்பிடுறாங்களே, அதுக்கு சொந்தக்காரப் புல்லு) ஒரு ஜீன் உள்ள வந்தா மட்டும் உடனே உஷாராகி நிறுத்திடுது. பூஞ்சையோட அந்த ஜீனுக்கு ஏவிஆர்1-கோ39-ன்னே பேர் வச்சாங்க, 1998-ல அமெரிக்காவுல அதைப் பிடிச்சாங்க. நெல்லைத் தாக்கிப் பழகின பூஞ்சைகள்ல பெரும்பாலும் அந்த ஜீன் கிடையாது. அது இருந்தா நெல்லுல மாட்டிக்கும், அதனால அதைத் தொலைச்சிட்டுதான் நெல்லுக்குள்ள வந்திருக்குன்னு யூகிக்கலாம்.

நான் இதை எழுத உட்காந்ததுக்குக் காரணம் செடி பக்கம் இருக்கிற ஜீன்கள். 2011-ல ஜப்பான்காரங்க ஒரு விஷயம் சொன்னாங்க, பியா-ன்னு ரொம்ப நாளா தெரிஞ்ச ஒரு எதிர்ப்பு ஜீன் உண்மையில ஒண்ணு இல்ல, பக்கத்துப் பக்கத்துல உட்காந்திருக்கிற ரெண்டு ஜீன், ஆர்ஜிஏ4, ஆர்ஜிஏ5. ரெண்டும் இருந்தாதான் வேலை நடக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 2013-ல பிரான்ஸ்ல மோன்பெலியே குழு, கோ 39-க்குள்ள இருந்து வேலை பாக்குறதும் இதே ஜோடிதான்னு காட்டினாங்க. அடுத்த வருஷம் அவங்க பண்ணின ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெந்தாமியானா புகையிலை இலையில ஆர்ஜிஏ4-ஐ மட்டும் போட்டாங்க, இலை அந்த இடத்துல செத்துருச்சு. பூஞ்சை எதுவும் இல்ல, யாரும் தாக்கல, சும்மாவே செத்துருச்சு. ஆர்ஜிஏ5-ஐ மட்டும் போட்டா ஒண்ணும் ஆகல. ரெண்டையும் சேர்த்துப் போட்டா, அப்பவும் ஒண்ணும் ஆகல, இலை பச்சையா நல்லா இருக்கு. அந்த ரெண்டோட பூஞ்சையோட புரதத்தையும் சேர்த்துப் போட்டாங்க, திரும்ப இலை சாகுது.

அதாவது ஆர்ஜிஏ4 எப்பவும் கொல்றதுக்கு ரெடியா நிக்கிற ஆளு. ஆர்ஜிஏ5 அதைப் பிடிச்சு வச்சிருக்கு. ஆர்ஜிஏ5-ஓட வால்பக்கத்துல ஒரு துண்டு இருக்கு, அது பாக்க பூஞ்சை தேடி வர்ற நெல் புரதம் மாதிரியே இருக்கும், பூஞ்சையோட புரதம் ஏமாந்து அதுல வந்து ஒட்டிக்கும், ஒட்டினதும் பிடி விடுது, செல் சாகுது.

பாடப்புத்தகத்துல இதை எப்பவும் தியாகக் கதையாவே சொல்லுவாங்க. தாக்கப்பட்ட செல் தன் உயிரை விட்டு மத்த செல்லைக் காப்பாத்துது, கண்ணீர் வர்ற மாதிரி. எனக்கு அந்தக் கதை மேல பெரிய மரியாதை இல்ல. ஒரு செல்லை சாகடிக்கிறது கஷ்டமே இல்ல, ஒரே ஒரு ஜீனைக் கொஞ்சம் அதிகமா ஓட விட்டா போதும்னு மேல பாத்தோம். கஷ்டம் எல்லாம் மீதி நாள் பூரா, பூஞ்சை வராத நாள்ல, வெயில்ல மழையில, செல்லை சாகாம பிடிச்சு வச்சிருக்கிறதுல இருக்கு. செடியோட ஜீன்கள்ல பாதி வேலை பிரேக் வேலைதான். நோய்க்கு எதிரா ஏதாவது புதுசா பண்ணணும்னு கிளம்புறவங்க எல்லாரும் கடைசியில அந்த பிரேக் மேலதான் வந்து முட்டுறாங்க, நல்லதுக்கோ கெட்டதுக்கோ. இந்தப் பதிவு பூரா அதைத்தான் சொல்லப்போறேன், நடுவுல கொஞ்சம் சுத்துவேன், பொறுத்துக்கங்க.

பழைய கதையை சீக்கிரம் சொல்லிடுறேன். 1902-ல மார்ஷல் வார்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர் புல்லுல துரு நோய் பாத்துட்டு இருந்தப்ப, நோய் பிடிக்காத செடியில பூஞ்சை நுழைஞ்ச இடத்துல செல்லுங்க அவசர அவசரமா செத்துப்போறதை கவனிச்சார். 1915-ல அமெரிக்காவுல மினசோட்டாவுல ஸ்டாக்மன் கோதுமைத் தண்டுத் துரு நோயில அதையே பாத்து, மிகை உணர்வு-ங்கற மாதிரி ஒரு பேர் வச்சார், அந்தப் பேர்தான் இன்னிக்கு வரைக்கும். (ஸ்டாக்மன் யாருன்னா, நம்ம ஊர் பசுமைப் புரட்சிக்குக் கோதுமை கொடுத்த நார்மன் போர்லாக்கோட வாத்தியார்.) ஒரு விநோதம் பாருங்க, ரொம்ப சீக்கிரம் நோயால பாதிக்கப்படுற செல்லு இருக்கிற செடிதான் நோய் பிடிக்காத செடி. துரு பூஞ்சைக்கு உயிருள்ள செல்லு வேணும், செத்த செல்லுல அதுக்குச் சோறு கிடையாது. அப்புறம் வடக்கு டகோட்டாவுல ஃப்ளோர்னு ஒருத்தர், ஆளிச் செடியையும் அதோட துரு பூஞ்சையையும் ரெண்டு பக்கமும் கிராஸ் பண்ணி கிராஸ் பண்ணி, செடியில ஒரு ஜீனுக்குப் பூஞ்சையில ஒரு ஜீன் ஜோடியா இருக்குன்னு 1940கள்ல நிரூபிச்சார். எதிராளியையும் சேர்த்து கிராஸ் பண்ணணும்னு யோசிச்சதே பெரிய விஷயம், அதுவரைக்கும் எல்லாரும் செடியை மட்டும்தான் பாத்துட்டு இருந்தாங்க.

இதைக் கண்ணால பாக்கணும்னா பெரிய லேப் எல்லாம் வேணாம். தாவர நோயியல் படிச்சவங்க எல்லாரும் ஏதோ ஒரு பிராக்டிகல்ல பண்ணியிருப்பாங்க, ஹங்கேரிக்காரர் க்ளெமென்ட் 1963-ல சொன்ன டெஸ்ட். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச், அதுல மில்லிக்குப் பத்து கோடி பாக்டீரியா அளவுக்குக் கலங்கின தண்ணி. புகையிலை இலையைத் திருப்பி அடிப்பக்கம் நரம்புக்கு நடுவுல சிரிஞ்ச் வாயை வச்சு, மேல் பக்கம் விரலை முட்டுக் கொடுத்து மெதுவா அழுத்தணும். அழுத்தினா இலைக்குள்ள தண்ணி பரவுறது கரும்பச்சையா தெரியும், நரம்பு வந்த இடத்துல நிக்கும். கொஞ்சம் கூட அழுத்தினா இலை கிழிஞ்சு மூஞ்சியில தெறிக்கும், எங்க பேட்ச்ல தெறிக்காத ஆளே கிடையாது. ஒரு மணி நேரத்துல ஈரம் காஞ்சு இலை பழையபடி ஆயிடும், எங்க போட்டோம்னே தெரியாது, அதனால மார்க்கர்ல வட்டம் போட்டு வைப்போம். மறுநாள் காலையில வந்து பாத்தா அந்த வட்டத்துக்குள்ள மட்டும் இலை துவண்டு, வழவழன்னு மினுங்கி, வெளிச்சத்துல பிடிச்சா மறுபக்கம் தெரியும். அடுத்த நாள் காஞ்சு பழுப்பு. விரலால தொட்டா நொறுங்கும். எல்லை மட்டும் கத்தியால வெட்டினாப்புல இருக்கும், அதுக்கு அந்தப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி செல்லு ஒண்ணும் தெரியாத மாதிரி பச்சையா நிக்கும். பக்கத்துலயே வெறும் தண்ணி ஏத்தின வட்டம் இருக்கும், அதுல ஒண்ணுமே இருக்காது.

அந்த எல்லையை நான் ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னிருக்கேன். எங்க சாகணும்ங்கறதை விட எங்க நிறுத்தணும்ங்கறது யாரு சொல்றா?

அதுக்கு ஒரு பதில் 1994-ல ஆரபிடாப்சிஸ்ல (லேப்ல எல்லாரும் வச்சு சோதிக்கிற ஒரு சின்ன கடுகு வகைச் செடி) கிடைச்ச ஒரு விகாரச் செடி, எல்எஸ்டி1. இதுல ஒரு புள்ளி விழுந்தா நிக்கவே நிக்காது. சாவு எல்லையைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கும், இலை முழுசா போற வரைக்கும். ஒரே ஒரு ஜீன் பழுது. அந்த ஜீன் நல்லா இருக்கிறப்ப பக்கத்து செல்லுகிட்ட போதும் நிறுத்துன்னு சொல்ற வேலையைப் பாக்குதுன்னு புரிஞ்சுது. நெல்லுலயும் இதே ரகச் செடிங்க நிறைய உண்டு, நோயே இல்லாம நோய் வந்த மாதிரி புள்ளி புள்ளியா இலை முழுக்க இருக்கும், வயல்ல பாத்தா யாரும் மருந்து அடிக்கதான் ஓடுவாங்க. அதுல எஸ்பிஎல்11-ங்கற ஜீனை 2004-ல பிடிச்சுப் பாத்தா, அதுவும் மத்த புரதங்களுக்கு அழிக்கச் சொல்லி அடையாளம் குத்துற ஒரு பிரேக்தான். பிரேக் போனா செடி குலை நோயையும் தாங்குது, பாக்டீரியல் இலைக்கருகலையும் தாங்குது. ஆனா தானே தன்னைக் கருக்கிக்குது. அப்படி ஒரு ரகத்தை விவசாயிகிட்ட கொடுத்தா நம்மளத்தான் கருக்குவாங்க.

சரி, கொல்றது எப்படின்னு ஒரு பத்தி. ரொம்ப வருஷம் இது தெரியாமலேயே இருந்துச்சு. 2019-ல சீனாவுல ஸார்1-ன்னு ஒரு எதிர்ப்புப் புரதத்தோட உருவத்தைப் படம் பிடிச்சாங்க. பாக்டீரியா வந்து செடியோட ஒரு புரதத்துல கை வச்சதும், ஸார்1 அஞ்சு ஒண்ணா கூடி வட்டமா உட்காருது, நடுவுல இருந்து புனல் மாதிரி ஒரு முனை வெளிய நீளுது. 2021-ல தெரிஞ்சுது, அந்த முனை செல்லோட சவ்வுல குத்திக்கிட்டு கால்சியம் உள்ள கொட்டுற ஓட்டையா வேலை செய்யுது. ஒரு செல்லுக்குள்ள கால்சியம் கட்டுப்பாடில்லாம கொட்டினா அப்புறம் நடக்குறது எல்லாம் சரிவுதான், ஆக்சிஜன் ரேடிக்கல் வெடிப்பு, சாலிசிலிக் அமிலம், கடைசியில செல்லு நடுவுல இருக்கிற வாக்குவோல்-ங்கற பெரிய தண்ணிப் பை உடைஞ்சு உள்ள இருக்கிறது எல்லாம் கரையுது. இன்னொரு வகைப் புரதங்கள் ஓட்டை போடாது, செல்லோட என்ஏடி-ங்கற மூலக்கூறை வெட்டித் தள்ளி அதுல இருந்து சிக்னல் அனுப்பும், அதுவும் 2019-லதான் தெரிய வந்துச்சு, நம்ம நரம்பு செல் நார் அழியறப்பவும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு என்சைம்தான் வேலை பாக்குதுங்கறது கூடுதல் ஆச்சரியம். நமக்கு இருக்கிற மாதிரி செத்த செல்லைத் தின்னு சுத்தம் பண்ண வெள்ளை அணுக்கள் செடிக்குக் கிடையாது. செத்த செல்லு அங்கேயே சுவரோட நிக்கும்.

இங்க ஒரு சின்ன குண்டு போடணும். சாவுதான் நோயை நிறுத்துதா? உருளைக்கிழங்குல ஆர்எக்ஸ்-னு ஒரு ஜீன் இருக்கு, பொட்டேட்டோ வைரஸ் எக்ஸ் வந்தா ஒரு செல்லு கூட சாகாம நிறுத்திடும். புள்ளியே விழாது. 2010-ல ஆரபிடாப்சிஸ்ல மெட்டாகாஸ்பேஸ் (செல் சாவுல வேலை பாக்குற ஒரு வகைப் புரதம்) ஒண்ணை எடுத்துட்டுப் பாத்தாங்க, சாவு கிட்டத்தட்ட நின்னு போச்சு, ஆனா பாக்டீரியா அப்பவும் வளரல. அதே செடியில இன்னொரு மெட்டாகாஸ்பேஸ் இருக்கு, அது முதல் ஆளுக்கு நேர் எதிரா சாவைத் தடுக்குது, பாத்தீங்களா மறுபடியும் ஜோடி. ஆக நிறைய நேரம் சாவுங்கறது எதிர்ப்போட காரணம் இல்ல, எதிர்ப்பு கொஞ்சம் அளவு மீறிப்போனதோட விளைவா இருக்கலாம். தியாகக் கதை மேல எனக்கு சந்தேகம் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக் வெயிலைப் பாத்தும் மாறும்ங்கறதுதான் எங்க ஊர் ஆளுங்க கவனிக்க வேண்டிய விஷயம். புகையிலை தேமல் வைரஸுக்கு எதிரா என்-னு ஒரு ஜீன் உண்டு, நிகோட்டியானா க்ளூட்டினோசாங்கற காட்டுப் புகையிலையில இருந்து வந்தது. 1929-ல ஹோம்ஸ் அந்தக் காட்டுப் புகையிலை இலையில வைரஸைத் தேய்ச்சா சின்னச் சின்ன புள்ளி விழுதுன்னும், புள்ளியை எண்ணினா வைரஸை எண்ணின மாதிரின்னும் கண்டுபிடிச்சார், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வர்றதுக்கு முன்னாடி வைரஸை அளக்குறதுக்கு அதுதான் வழி. பின்னாடி அந்த ஜீன் கிராஸ் மூலமா சாதாரண புகையிலைக்கும் வந்துச்சு, 1994-ல அதை குளோன் பண்ணினாங்க, எதிர்ப்பு ஜீன்னா என்னன்னு உலகம் பாத்த முதல் சிலதுல அது ஒண்ணு.

இந்த ஜீன் 28 டிகிரி வரைக்கும் கச்சிதமா வேலை பாக்கும். அதுக்கு மேல போனா தூங்கிடும். புள்ளி விழாது, வைரஸ் செடி பூரா பரவும், இலையில தேமல் வரும், செடி சுமாரா உயிரோட இருக்கும். இப்ப அந்தச் செடியை 32 டிகிரியில இருந்து எடுத்து 22 டிகிரி அறையில கொண்டு வந்து வச்சா என்ன ஆகும்? செடி தேறிடும்னு நினைப்போம், தேறாது, தூங்கிட்டு இருந்த கொல்ற பக்கம் வேலைக்கு வரும். வைரஸ் இப்ப எல்லா செல்லுலயும் இருக்கு, எல்லா செல்லும் ஒரே நேரத்துல எதிரியைக் கண்டுபிடிக்குது. சில மணி நேரத்துல இலைகள் துவள ஆரம்பிக்கும், மறுநாள் பாத்தா செடியே இல்ல. வைரஸ் கொல்லாத செடியை அதோட எதிர்ப்பு ஜீன் கொன்னுடுது. ஏசி ரூமுக்கு மாத்தினதால செத்த செடி! ஆராய்ச்சியாளர்களுக்கு இது வசதி, எல்லா செல்லையும் ஒரே நேரத்துல சாகடிக்க இதை விட நல்ல வழி இல்ல, சுவிட்ச் மாதிரி பயன்படுத்துறாங்க. சூடு எதுல தாக்குதுன்னு 2010-ல பாத்தப்ப, வேற எதுலயும் இல்ல, அந்த எதிர்ப்புப் புரதமே சூட்டுக்கு அடங்குற மாதிரி அமைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. மே மாசம் நம்ம வயல்ல மதியம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். குளிர்நாட்டு கிரீன்ஹவுஸ்ல 22 டிகிரியில பாத்து எழுதின எதிர்ப்புக் கணக்கை அப்படியே இங்க நம்பிக் கொண்டுவர முடியாது, ஜீன் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, எந்த வெப்பத்துல இருக்குன்னும் பாக்கணும்.

இதே குளிர்-சூடு வித்தியாசம் இன்னொரு இடத்துல வரும். ஜெர்மனியில உம்கிர்ஷ்னு ஒரு ஊர்ல எடுத்த ரெண்டு ஆரபிடாப்சிஸ் செடி, ரெண்டும் தனித்தனியா நல்லா வளரும், ரெண்டையும் கிராஸ் பண்ணினா குட்டி 16 டிகிரியில கருகிப் போகும், 23-ல நல்லா இருக்கும். நோய் கிடையாது. அப்பாகிட்ட இருந்து வந்த ஒரு எதிர்ப்பு ஜீனும் அம்மாகிட்ட இருந்து வந்த ஒரு எதிர்ப்பு ஜீனும் ஒண்ணையொண்ணு எதிரின்னு நினைச்சு சண்டைக்குக் கிளம்பிடுது. 2007-ல இது வெளிவந்துச்சு. புது கோதுமை ரகம் உருவாக்குற பிரீடர்களுக்கு இது பழைய தலைவலி, நல்ல தாய் தகப்பனை கிராஸ் பண்ணினா முதல் தலைமுறையே மஞ்சளாகி விழும், என்இ1, என்இ2-ன்னு ரெண்டு ஜீன் சேர்ந்தா இப்படின்னு மட்டும் ரொம்ப வருஷமா எழுதி வச்சிருந்தாங்க. 2021-ல என்இ2-ஐக் கடைசியா பிடிச்சுப் பாத்தா, அது வேற யாரும் இல்ல, எல்ஆர்13, இலைத்துருவுக்காக பிரீடர்கள் தேடித்தேடி ஏத்தி வச்ச அதே எதிர்ப்பு ஜீன்.

இப்ப ஓட்ஸ் கதைக்கு வர்றேன், எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப முக்கியமானது அதுதான். 1920களோட கடைசியில தென் அமெரிக்காவுல இருந்து விக்டோரியான்னு ஒரு ஓட்ஸ் ரகம் அமெரிக்காவுக்கு வந்துச்சு. கிரீடத் துரு நோய்க்கு அருமையான எதிர்ப்பு, ஒரே ஒரு ஜீன், பிசி-2. பிரீடர்களுக்கு குஷி, எல்லாரும் அதை வச்சு கிராஸ் பண்ணினாங்க, 1940கள் நடுவுல அயோவா பக்கம் ஓட்ஸ் நிலத்துல பெரும்பகுதி விக்டோரியா ரத்தம்தான். துருவும் வரல. 1946-ல மீஹான், மர்ஃபி ரெண்டு பேரும் அதுவரைக்கும் யாருமே பேர் வைக்காத ஒரு பூஞ்சையால வர்ற புது நோய்னு எழுதினாங்க, வேர்ல இருந்து கருகிக்கிட்டு வருது, செடி சாயுது. விக்டோரியா வம்சத்தை மட்டும் தேடித்தேடி அடிச்சுச்சு. ரெண்டு மூணு சீசன்ல அந்த ரகங்களை எல்லாம் வயல்ல இருந்து எடுக்க வேண்டியதாச்சு.

அந்தப் பூஞ்சை விக்டோரின்னு ஒரு நஞ்சு பண்ணுது. ரொம்பக் கொஞ்சம் போதும். ஆனா அந்த நஞ்சுக்கு மயங்குறதுக்கு செடியில ஒரு ஜீன் வேணும், அது இல்லாத ஓட்ஸை லிட்டர் கணக்குல நனைச்சாலும் ஒண்ணும் ஆகாது. அந்த ஜீன் எங்க இருக்குன்னு தேடினா, பிசி-2 இருக்கிற அதே இடத்துல. ரெண்டையும் பிரிக்கணும்னு பிரீடர்கள் பட்ட பாடு கொஞ்சமில்ல, 1950கள்ல மூட்டை மூட்டையா விதையை முளைக்க விட்டு நஞ்சுல நனைச்சு, பொழைச்ச சிலதை எடுத்துப் பாப்பாங்க. நஞ்சைத் தாங்குது, ஆனா துரு எதிர்ப்பும் போயிருக்கும். திரும்ப நனைப்பாங்க, திரும்ப அதே கதை. ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு ஜீனா, இல்ல ரெண்டு வேலை பாக்குற ஒரே ஜீனான்னு அப்பவே சந்தேகம் வந்துருச்சு.

விளக்கம் கிடைக்க அறுபது வருஷம் ஆச்சு, அதுவும் ஓட்ஸ்ல இல்ல. ஓட்ஸோட ஜீனோம் ராட்சச சைஸ், அதுல தேடுறது நடக்கிற காரியம் இல்ல. ஆரபிடாப்சிஸ்ல விக்டோரினுக்கு சாகுற சில வகைகளைக் கண்டுபிடிச்சு, அதுக்குக் காரணமான ஜீனை 2007-ல பிடிச்சாங்க, எல்ஓவி1. பிடிச்சுப் பாத்தா அச்சு அசல் நோய் எதிர்ப்பு ஜீன் குடும்பம், ஸார்1-க்கு உறவுக்காரன். 2012-ல மீதியும் வெளிவந்துச்சு. எல்ஓவி1 ஒரு தயோரெடாக்சின் புரதத்தைக் காவல் காக்குது, அந்தப் புரதம் செடியோட சாலிசிலிக் அமிலப் பாதுகாப்புக்குத் தேவையானது, அதனாலதான் அதுக்குக் காவல். விக்டோரின் போய் அந்தப் புரதத்துல ஒட்டுது. எல்ஓவி1 ஐயோ தாக்குறாங்கன்னு பிடியை விடுது. செல்லு சாகுது. துரு பூஞ்சையா இருந்தா இத்தோட கதை முடிஞ்சிருக்கும், செத்த செல்லுல அதுக்கு வாழத் தெரியாது. இந்தப் பூஞ்சைக்கு செத்த செல்லுதான் சாப்பாடு. அது எதையும் உடைச்சுக்கிட்டு உள்ள வரல, பிரேக் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு அதைத் தட்டிவிட்டுட்டு வெளிய காத்திருக்குது.

சாம்பல் நிறப் பூசணம் போட்ரைடிஸும் இப்படித்தான், செடி தன் செல்லைக் கொல்லக் கொல்ல அது நல்லா வளருதுன்னு 2000-லயே இஸ்ரேல்ல காட்டினாங்க.

பார்லி இதுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்க மனுஷனே பிரேக்கைப் பிடுங்கிப் போட்டான், அதுவும் சாம்பல் நோய்க்கு எதிரா (இலை மேல வெள்ளைப் பொடி மாதிரி படர்ற பூஞ்சை நோய், மேல சொன்ன போட்ரைடிஸ் வேற). எம்எல்ஓ-ன்னு ஒரு ஜீன், நல்லா வேலை பாத்தா செல் சாவையும் பாதுகாப்பையும் அடக்கி வைக்கும். 1942-ல ஜெர்மனியில எக்ஸ்-ரே அடிச்சு அதைக் கெடுத்த ஒரு பார்லி கிடைச்சுது, சாம்பல் நோய் எந்த வகை வந்தாலும் ஏறல. அதுக்கு முன்னாடியே எத்தியோப்பியாவுல விவசாயிங்க வயல்ல இயற்கையாவே எம்எல்ஓ கெட்ட பார்லி இருந்திருக்கு, 1937-38-ல ஒரு ஜெர்மன் குழு அதைச் சேகரிச்சுட்டு வந்திருந்துச்சு, கையில இருக்கிறது என்னன்னு அப்ப அவங்களுக்குத் தெரியாது. 1979-80 வாக்குல இருந்து ஐரோப்பாவுல எம்எல்ஓ கெட்ட பார்லி ரகங்களைப் பயிர் பண்றாங்க, இன்னமும் சாம்பல் நோய் அதை ஜெயிக்கல. எதிர்ப்பு ஜீன் போட்டா பூஞ்சை தன் பக்கத்து ஜீனை மாத்திக்கிட்டு வந்துடும், ஆனா இங்க பூஞ்சைக்குத் தேவையான ஒண்ணையே எடுத்தாச்சு, அதை மாத்திக்க அதால சுலபமா முடியல. இதுக்கு விலை உண்டு. நோயில்லாமயே இலையில பொட்டு பொட்டா சாவு, ஆரம்ப ரகங்கள்ல மகசூல் குறைவு, அதோட குலை நோய் பூஞ்சை வந்தா இந்த பார்லி சாதாரண பார்லியை விட மோசமா விழுது. பிரீடர்கள் பல வருஷம் பொறுமையா மத்த ஜீன்களை மாத்தி மாத்திதான் அந்தப் பொட்டைக் குறைச்சாங்க.

கோதுமையில மூணு ஜோடி ஜீனோம், அதனால மூணு எம்எல்ஓவையும் கெடுக்கணும், அது இயற்கையில தானா நடக்காது. 2014-ல சீனாவுல ஜீன் எடிட்டிங்ல மூணையும் வெட்டினாங்க, சாம்பல் நோய் போச்சு, ஆனா செடி குட்டையாச்சு. வெட்டினதுல ஒரே ஒரு செடி மட்டும் நோயும் தாங்கிக்கிட்டு நல்லாவும் வளந்துச்சு, அதைத் தோண்டிப் பாத்தா ஜீனை வெட்டுற கத்தரி எக்குத்தப்பா வேலை பாத்து, ஒரு ஜீனோம்ல சுமார் 3 லட்சம் எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டே காணாம போயிருக்கு, அதனால பக்கத்துல இருந்த ஒரு சர்க்கரை கடத்துற ஜீன் சத்தமா ஓட ஆரம்பிச்சு வளர்ச்சியைத் தூக்கிவிட்டிருக்கு. 2022-ல அதை எழுதினாங்க. திட்டம் போட்டு வந்த வெற்றி இல்ல இது. ஆனா ஒரு பிரேக்கை எடுத்தா வேற எங்கயாவது ஒண்ணைச் சரி பண்ணித்தான் ஆகணும்ங்கறதுக்கு இதை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

நெல்லுல எக்ஸ்ஏ27-னு ஒரு ஜீன் இருக்கு, பாக்டீரியல் இலைக்கருகலுக்கு, காட்டு நெல்லுல இருந்து வந்தது. 2005-ல அதைப் பிடிச்சப்ப, எதிர்ப்பு இருக்கிற நெல்லுலயும் இல்லாத ஐஆர்24-ங்கற ரகத்துலயும் அந்தப் புரதம் எழுத்துக்கு எழுத்து ஒண்ணுன்னு தெரிஞ்சுது. வித்தியாசம் ஜீனுக்கு முன்னாடி இருக்கிற சுவிட்ச்ல மட்டும். அந்த பாக்டீரியா செடியோட ஜீன்களைத் தனக்கு வசதியா ஆன் பண்றதுக்குன்னே சில புரதங்களை உள்ள அனுப்பும், எதிர்ப்பு நெல்லுல எக்ஸ்ஏ27-ஓட சுவிட்ச்ல அந்தப் புரதம் பிடிக்கிற இடம் இருக்கு. பாக்டீரியா தன் கையால ஆன் பண்ணும், செல்லு சாகும், பாக்டீரியா மாட்டிக்கும். பாக்டீரியா வராத நாள்ல அந்த ஜீன் ஓடவே ஓடாது. இப்படி ஓடாம வைக்கிறது எனக்கு ரொம்ப சாமர்த்தியமா தெரியுது, ஓடவிட்டுப் பிடிச்சு வைக்கிறதை விட இது பத்திரம், மிளகாய்லயும் பிஎஸ்3-னு இதே ரக ஜீன் ஒண்ணு இருக்கு.

எதிர்ப்பு ஜீனை எண்ணி எண்ணி ஏத்துறதுதான் ரக மேம்பாடுன்னு சொல்ற கூட்டத்துல நான் இல்லன்னு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். ஏத்த வேண்டாம்னு சொல்லல, சம்பா மசூரியில எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 மூணையும் ஏத்தி 2008-ல ஹைதராபாத்ல இருந்து வந்த ரகம் நல்ல வேலைதான். ஆனா ஒவ்வொரு ஜீனையும் உள்ள விடும்போது அதைப் பிடிச்சு வைக்கிற ஆளு இந்தப் புது ரகத்துல இருக்கானா, எந்த வெப்பம் வரைக்கும் இருப்பான், வேற எந்தப் பூஞ்சை அவன் கையைத் தட்டிவிடும்னு கேக்கணும். ஜீனை வெளிய எடுக்கிறதும் மேம்பாடுதான்.

ஆஸ்திரேலிய கோதுமை பிரீடர்கள் அதைத்தான் பண்றாங்க. கோதுமையில டிஎஸ்என்1-னு ஒரு ஜீன், பாக்க எதிர்ப்பு ஜீன் மாதிரியே இருக்கும், ஆனா அது இருக்கிற செடி டாக்ஸ்ஏ-ங்கற பூஞ்சை நஞ்சு பட்டா செத்துரும். அந்த நஞ்சு ஜீன் ஒரு பூஞ்சையில இருந்து இன்னொரு பூஞ்சைக்குத் தாவினதுன்னு 2006-ல தெரிஞ்சுது, ஸ்பாட் பிளாட்ச் நோய் கொடுக்கிற மூணாவது பூஞ்சைகிட்டயும் அது இருக்குன்னு 2018-ல ஆஸ்திரேலியாவுல பாத்தாங்க, அப்புறம் இந்திய வயல்கள்லயும். டிஎஸ்என்1 இருக்கிற செடியைக் கண்டுபிடிக்கத்தான் ஆஸ்திரேலியாவுல சுத்திகரிச்ச டாக்ஸ்ஏவை பிரீடர்களுக்கே கொடுத்திருக்காங்க. நான் மேல சொன்ன அதே ஊசியில்லாத சிரிஞ்ச், அதே மாதிரி இலைக்குள்ள அழுத்தி ஏத்துறது. அஞ்சாறு நாள் கழிச்சு வந்து பாப்பாங்க, எந்தச் செடியில இலை செத்திருக்கோ அது அடுத்த தலைமுறைக்குப் போகாது.